கரிசல் முற்றத்தில் பாத்தி ஓரம் கட்டுதலும் பஞ்சாயத்து அனுமதியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்தில் முற்றத்துச் செடிகளுக்கு ஓரம் கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலடி மண்ணைத்தான். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிப்பதால், சிமெண்டுக் கலவை வைத்துக் கட்டிய முக்கால் அடிச் சுவர் விரைவிலேயே கீறல் விட்டுச் சாயும். என் வீட்டில் அப்படிக் கட்டிய ஒன்றை நானே இடித்தெடுத்திருக்கிறேன்.

கலவையே இல்லாமல் செங்கலை ஊன்றுவது இந்த மண்ணுக்கு ஏற்றது. மழை விட்டுச் சில நாள் கழித்து, மண் காலில் ஒட்டாமலும் வெடிக்காமலும் இருக்கும் பதத்தில் தொடங்க வேண்டும்; சித்திரை வெயிலில் வெடிப்பின் மேல் ஊன்றினால், அடுத்த மழையில் வரிசை முழுவதும் மேலெழும்பிவிடும். முளை அடித்து நூல் கட்டி, செங்கலின் பாதி நீளத்துடன் 2 அங்குலம் கூட்டி வாய்க்கால் தோண்டி, அந்த 2 அங்குலத்துக்கு மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் செங்கற்களை நெட்டாக நிறுத்தினால் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும். இடுக்குகளிலும் மணலையே நிரப்ப வேண்டும். மண் அசையும்போது கற்கள் தனித்தனியே அசைந்து கொடுக்கும், சாய்ந்த கல்லை மட்டும் பிடுங்கி மறுபடி ஊன்றிக்கொள்ளலாம். 5 அடிக்கு ஒரு கல்லை விட்டுவிட்டால் தண்ணீர் வடியும். இவ்வளவு தாழ்ந்த ஓரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாத்தியில் போட்ட சருகை எல்லாம் அடுத்த வீட்டு வாசலில் சேர்ப்பதைக் காட்டினால் போதும்.

முற்றத்துக்குள் நிற்கும் பாத்தி ஓரம் காம்பவுண்டு சுவர் ஆகாது. சாலை, புறம்போக்கு, பொதுக் குளம், வாய்க்கால் ஆகியவற்றை ஒட்டிய பக்கத்தில் காம்பவுண்டு சுவர் எழுப்பும்போதுதான், 2019ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி முன்அனுமதி வேண்டும்; சுவர் தாழ்வானது என்பதால் விலக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நெடுஞ்சாலை எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்னும் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 220ஆம் பிரிவு காம்பவுண்டு சுவருக்கு விலக்கு அளிக்கிறது. சுவரோடு சேர்த்துத் திண்ணையோ கான்கிரீட் தொட்டியோ கட்டினால் அந்த விலக்கு பொருந்தாமல் போகலாம்.

தோண்டுவதற்கு முன் சர்வே கல்லைக் கண்டுபிடித்து அதற்கு உள்ளேயே நூல் கட்ட வேண்டும். கல் காணாமற்போயிருந்தால் தாலுகா சர்வேயரைக் கொண்டு அளப்பது அவசியம். பக்கத்து வீட்டாரின் நினைவை நம்பிக் கட்டிய சுவர்கள்தாம் பெரும்பாலும் வழக்கில் முடிகின்றன.

சுவர் அனுமதிக்கான விண்ணப்பத்தை இப்போது கேரள உள்ளாட்சி அமைப்புகளின் இணையச் சேவையான கே-ஸ்மார்ட் வழியாகச் சமர்ப்பிக்கலாம். பஞ்சாயத்து அலுவலகத்துக்குத் தனியே விளக்கக் கடிதம் தர நேர்ந்தால் மலையாளம் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத, 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.