குதிரை முதுகில் டேப் உரியாமல் நிற்க

ஒட்டிய கினீசியோ டேப் (தசை, மூட்டுக்குத் துணையாகத் தோல்மேல் ஒட்டும், இழுத்தால் நீளும் துணிப்பட்டை) சிறிது நேரத்திலேயே ஓரம் தூக்கிக்கொண்டால் பசையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ரோமத்தில் உள்ள தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். எனக்குப் பலன் தந்த முறை இது.

கடினமான பிரஷால் தூசியை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்பிரிட் தோய்த்த துணியால் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே துடைத்துக் காயவிடுங்கள். துளி ஈரம் இருந்தாலும் பிடிக்காது. பளபளப்பு ஸ்ப்ரே அடித்திருந்தால் ஷாம்பூ போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

5 செ.மீ. அகல டேப்பின் நான்கு மூலைகளையும் வளைவாகக் கத்தரியுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். முக்கியமானது இழுப்பு. இரு முனைகளிலும் 5 செ.மீ. வரை கொஞ்சமும் இழுக்கக் கூடாது. நடுவில் 10 முதல் 15 சதவீதம் போதும். முனையை இழுத்து ஒட்டினால், அது பழைய நீளத்துக்குச் சுருங்கும்போது பசையைப் பிய்த்துக்கொண்டு வரும். தோலும் இழுபட்டு அரிக்கும், குதிரை போய்ச் சுவரில் உரசும். ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள், சூட்டில்தான் பசை பிடிக்கும். அரை மணி கழித்தே வேலை வாங்கலாம். சேணத்தின் விளிம்பு டேப் முனையில் உரசாதபடி இடம் பாருங்கள்.

காலைச் சுற்றி வளையமாக ஒட்டவே கூடாது, வீக்கம் வந்தால் ரத்த ஓட்டம் தடைபடும். புண், தோல் நோய் உள்ள இடமும் வேண்டாம். நொண்டும் குதிரைக்கு முதலில் கால்நடை மருத்துவர், பிறகுதான் டேப். குதிரைகளில் இதன் பலனுக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு, ஆகவே சிகிச்சைக்குத் துணையாக மட்டும் வையுங்கள்.

உரிக்கும்போது பேபி ஆயில் ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ரோமத் திசையில் மெதுவாக எடுங்கள்.