கந்தகத்தில் ஊசிப் படிகம் எடுத்து, அது மாறுவதைப் பார்ப்பது எப்படி?

ஒரே பொருளின் இரு படிக வடிவங்களை வைரம் – கிராஃபைட், கால்சைட் – அரகோனைட் என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கனிமம் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அதற்குக் கந்தகம்தான் தோதானது. சாதாரண வெப்பத்தில் அது சாய்சதுரப் படிகம் (மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானது). 95.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒற்றைச்சரிவுப் படிகம் (ஓர் அச்சு மட்டும் சாய்ந்தது). இரண்டிலும் எட்டு அணுக்கள் சேர்ந்த அதே வளையங்கள்தான், அவை அடுக்கப்பட்ட விதம் வேறு. ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷெர்லிக் 1823இல் கண்டது இதைத்தான்.

முதலில் பாதுகாப்பு. வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, புகைபோக்கிக்கு அடியில் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கந்தகம் தீப்பற்றினால் நீலச் சுடர் வரும், கூடவே மூச்சை அடைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடும் வரும். உடனே குழாயின் வாயை மூட ஈரத்துணி கையோடு இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளியே இருங்கள்.

படி 1: உலர்ந்த வடிதாளைக் கூம்பாக மடித்துப் புனலில் வையுங்கள்.

படி 2: கட்டிக் கந்தகத்தைப் பொடித்து, சோதனைக்குழாயில் முக்கால் பங்கு போட்டு, இடுக்கியால் பிடித்துச் சிறு தீயில் ஆட்டிக்கொண்டே உருக்குங்கள். அவசரம் கூடாது. சுமார் 115 முதல் 120 டிகிரிக்குள் தேன் நிறத்தில், தண்ணீர்போல ஓடும் திரவம் கிடைக்கும். சிவந்து, பாகாக இறுகினால் 160 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தீயிலிருந்து எடுத்து ஆறவிடுங்கள், மறுபடி இளகும்.

படி 3: கூம்பில் ஊற்றி, மேலே ஏடு படியத் தொடங்கியதும் தாளைச் சட்டென்று விரித்துவிடுங்கள். இந்தக் கணத்தைத் தவறவிட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நீளும் பளபளப்பான ஊசிகள் தெரியும். லென்ஸில் பாருங்கள், ஒளி ஊடுருவும்.

படி 4: முழுதும் ஆறியதும் எடை போட்டு, மூடி வையுங்கள். அப்புறம் ஓரிரு நாள் அவ்வப்போது பாருங்கள். ஊசிகள் மெல்ல மங்கி, வெளிர்மஞ்சளாகி, ஒளி புகாதவையாகிவிடும். தொட்டால் பொடியும். எடையோ அப்படியே இருக்கும்.

ஏன் மங்குகிறது? ஒற்றைச்சரிவுக் கந்தகத்தின் அடர்த்தி 1.96, சாய்சதுரத்தினுடையது 2.07. அடுக்கு மாறும்போது கன அளவு ஐந்து சதவீதம் சுருங்குகிறது. ஒவ்வொரு ஊசிக்குள்ளும் எண்ணற்ற குட்டிப் படிகங்களும் நுண்விரிசல்களும் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன. வெளியே ஊசி உருவம், உள்ளே வேறு படிகம்! எனக்கு இந்தப் பரிசோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாறைகளிலும் இப்படி நடக்கிறது. எரிமலைக் குழம்பில் 573 டிகிரிக்கு மேல் வளர்ந்த குவார்ட்ஸ், ஆறும்போது உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும். இரு பக்கமும் கூம்பிய பழைய அறுகோண உருவம் மட்டும் அப்படியே தங்கிவிடும்.

பார்த்து முடித்த கந்தகத்தைக் கொட்டிவிடாதீர்கள். மறுபடி உருக்கினால் மறுபடி ஊசி வரும்.