ஆற்காடு பார்க்கப் போகிறீர்களா? வெள்ளிக்கிழமை வேண்டாம்

கர்நாடக நவாப்களின் தலைநகராச்சே என்று ஆற்காட்டுக்கு ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள். பழைய கோட்டையில் நிமிர்ந்து நிற்பது பாலாற்றங்கரை டெல்லி கேட்தான். 1751 முற்றுகையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் பிடித்து வைத்திருந்த கோட்டை அது. நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் தாராளம்.

அதனால் காலையில் பக்கத்து ஊரான வேலூரின் கோட்டையை முடித்துவிடுங்கள். மதியம் நடை சாத்துவதற்குள் கோட்டைக்குள்ளேயே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். என்னைக் கேட்டால் பயணத்தின் பாதி நேரத்தை அந்தத் தூண்களுக்கே கொடுக்கலாம். ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தெரியும் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகள் நகரமாட்டார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அரசு அருங்காட்சியகமும் இங்கேயே இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை.

வெயில் தாழ்ந்ததும் ஆற்காட்டுக்கு பஸ் ஏறுங்கள், இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் போகும்போது வேலூருக்குக் காட்பாடியில் இறங்கி, திரும்பும்போது ஆற்காட்டுக்குப் பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ஏறலாம். ரயில் ஏறுவதற்கு முன்னதாகவே ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா வாங்கிவிடுங்கள். ஜீரா சொட்டும், மூடி இறுக்கமான டப்பாவாகக் கேளுங்கள்.