முள் குத்தினால் டி.டி. ஊசி: கணக்கு தவறுவது எங்கே?

உசிலம்பட்டிப் பக்கம் சீமைக்கருவேல முள் ஏறாத கால் கிடையாது. போன மாதம் எங்கள் பெரியப்பா வரப்பு வெட்டும்போது செருப்பையும் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. ஊக்கால் நோண்டி எடுத்தார், எருக்கம்பால் விட்டார், மறுபடி மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். ரத்தம்கூட வரவில்லை. அதே வாரம் அவர் பேரன் பைக்கில் இருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தான், கையோடு டி.டி. ஊசி, அதாவது ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, போட்டாயிற்று. எட்டு மாதத்துக்கு முன்புதான் அவனுக்கு ஒன்று போட்டிருந்தது. ஊசி அவசியமாக இருந்தது பெரியப்பாவுக்குத்தான்.

ரத்தத்தையும் துருவையும் பார்த்து முடிவு செய்வதுதான் முதல் தவறு. ரணஜன்னிக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது ஆணியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்துதான். காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமி அது. அதனால் வாய் சிறுத்து ஆழமாக இறங்கும் முள் குத்து, ஆணிக் குத்து, மாட்டுக் கொம்பு குத்து எல்லாம் அதற்கு வசதி. பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ மாடு குத்திய காயத்தை யாரும் அலட்சியம் செய்வதில்லை. காலில் ஏறிய முள்ளைத்தான் விட்டுவிடுகிறோம். தீக்காயமும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது, 'டி.டி. போட்டால் ஆறு மாசம் தாங்கும்' என்ற பேச்சு. இது எப்படி ஊரெல்லாம் பரவியதோ, தப்பு. முறையாக மூன்று ஊசியாவது போட்டவருக்கு, சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி போட்டு பத்து வருடம் ஆகியிருந்தால்தான் மறுபடி தேவை. மண் பட்ட காயம், ஆழமான காயம் என்றால் ஐந்து வருடம். சும்மா சும்மா போட்டுக்கொண்டால் கை வீங்கி வலிப்பதுதான் மிச்சம்.

இதில் 'முறையாக மூன்று' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். இன்றைய பிள்ளைகளுக்கு 6, 10, 14 வாரங்களில், ஒன்றரை வயதில், அப்புறம் 5, 10, 16 வயதுகளில் என்று இந்தத் தடுப்பூசி போய்விடுகிறது. எல்லோருக்குமான தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் வந்தது 1985-ல். அதற்கு முன் பிறந்த பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி கிடைத்தது. ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எங்கள் பெரியப்பாவைக் கேட்டால், 'எப்பவோ ஒண்ணு போட்ட ஞாபகம்' என்கிறார். அப்படிச் சொல்பவரைப் போடாதவராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு ஒரு ஊசியோடு காரியம் முடியாது. முதல் ஊசி உடனே பாதுகாப்புத் தராது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதமாவது கழித்து மூன்றாவது. காயமும் அழுக்கானது என்றால், அந்த இடைவெளியைக் காக்க இம்யூனோகுளோபுலின் என்ற தனி ஊசியை வேறு இடத்தில் போடுவார்கள். 'இதுவரை ஊசி போட்டதே இல்லை' என்பதை டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார்.

'மூணு நாள் ஆச்சு, இனி என்னத்துக்கு' என்று விடுவதும் கூடாது. அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும். தாமதமானாலும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியது சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது. சாணம், மண், சாம்பல், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். நாய் கடித்தால் டி.டி. மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேறு, அதைக் கேட்டுப் போட்டே ஆக வேண்டும்.

காயத்துக்குப் பின் தாடை இறுகி வாய் திறக்க முடியவில்லை, கழுத்து விறைக்கிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பெரியப்பாவை மறுநாளே இழுத்துக்கொண்டு போய் முதல் ஊசி போட்டு வந்தோம். அடுத்த இரண்டு தேதியையும் அவர் தினமும் கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில், சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.