லேசான ஹீமோபிலியாவா? பல் பிடுங்கும் முன் இதைக் கவனியுங்கள்

ஹீமோபிலியா என்பது ரத்தம் எளிதில் உறையாத கோளாறு. ரத்தத்தை உறையவைக்கும் ‘ஃபேக்டர்’ என்ற புரதம், இயல்பான அளவில் 5 முதல் 40 சதவீதம் வரை இருந்தால் அது லேசான ஹீமோபிலியா. அன்றாடம் ஒன்றும் தெரியாது. பல் பிடுங்கிய அன்று ராத்திரி தலையணை உறை ரத்தத்தில் நனையும்போதுதான் தெரியவரும். அதனால் பல் டாக்டருக்கு முன்பே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோபிலியா ஏ (ஃபேக்டர் 8 குறைவாக இருக்கும் வகை) உள்ள பலருக்கு, அந்த ஃபேக்டரை உயர்த்தும் டெஸ்மோப்ரெசின் மருந்தே போதும். ஆனால் அது உங்களுக்குக் கேட்கிறதா என்று முன்கூட்டியே சோதித்து வைப்பது முக்கியம். போட்ட பிறகு 24 மணி நேரம் தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும். இல்லையென்றால் உடலில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். ஃபேக்டர் 9 குறைவாக இருக்கும் ஹீமோபிலியா பி-க்கு இந்த மருந்து பயன்படாது, ஃபேக்டர் 9 தான் போட வேண்டும். அப்புறம், வலிக்குப் பாராசிட்டமால் சரி. ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபென் வேண்டவே வேண்டாம்.