சொரசொரப்புச் செதில் மலைப்பாம்பு: ஜோடி சேர்ப்பதிலிருந்து குட்டி கைமாறுவது வரை

ஜோடி வாங்கப் போகும்போது முதலில் பாம்பைப் பார்க்காதீர்கள், அதன் தாளைக் கேளுங்கள். தாய் எது, தகப்பன் எது, எந்த ஆண்டு யாரிடம் பொரித்தது, முடிந்தால் தாத்தா பாட்டி வரைக்கும். இதற்குப் பதில் இல்லாத பாம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இனப்பெருக்கத்துக்கு வாங்க வேண்டாம். இந்தப் பாம்புக்கு அந்தத் தாள் ஏன் உயிர் என்பதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

ரஃப் ஸ்கேல்ட் பைத்தான் என்று இங்கே ஆஸ்திரேலியாவில் சொல்வோம். அறிவியல் பெயர் மொரேலியா கரினாட்டா. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குக் கோடியில், கிம்பர்லி பகுதியில், மிட்செல் ஆற்றை ஒட்டிய மணற்பாறைப் பள்ளத்தாக்குகள்தான் அதன் ஊர். மனிதர்கள் எளிதில் போய்ச்சேர முடியாத இடம் என்பதால் 1981-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மலைப்பாம்பு என்றாலே வழவழப்பான தோல் நினைவுக்கு வரும். இதன் முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய முகடு ஓடும். வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை நகர்த்தினால் அரம் மாதிரி தடுக்கும். உடம்பு ஒல்லி, தலை அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. பல் நீளமானது, ஆனால் குணம் சாது.

நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்கை நடத்திவந்த ஜான் வைகல், உரிய அனுமதியோடு 2000-ஆம் ஆண்டு வாக்கில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பாம்புகளைக் கிம்பர்லியிலிருந்து கொண்டுவந்தார். எங்களைப் போன்றவர்கள் கையில் இன்று இருப்பதெல்லாம் அவற்றின் வாரிசுகள். நான் சிட்னியில் வளர்ப்பதும் பெர்த்தில் இன்னொருவர் வளர்ப்பதும் எப்படியும் ஒரே குடும்பம்தான். தாளைப் பற்றி நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஊர்வன வளர்க்க உரிமம் வேண்டும், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டு இனங்களைத் தனியார் வளர்க்க முடியாது, உள்நாட்டு இனங்களை உயிரோடு விற்பனைக்கு ஏற்றுமதி செய்யவும் முடியாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: நம்ம ஊர் மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

சரி, ஜோடிக்கு வருவோம். ஒரே ஈட்டில் பிறந்த அண்ணன் தங்கையை ‘ஜோடி’ என்று சேர்த்து விற்பார்கள். வாங்காதீர்கள். உறவில்லாத பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகளை இணைத்தால்கூட, பிறக்கும் குட்டியின் மரபணு இடங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாக வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே சொந்தத்துக்குள்ளேயே வந்த வம்சம் என்றால் அது இன்னும் கூடும். ஆணை ஒரு வளர்ப்பாளரிடமும் பெண்ணை இன்னொருவரிடமும் வாங்குங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தலைமுறையில் சந்திக்கின்றன என்று பாருங்கள். எங்காவது சந்திக்கத்தான் செய்யும். எவ்வளவு மேலே சந்திக்கிறதோ அவ்வளவு நல்லது.

பெண்ணுக்கு மூன்று நான்கு வயது ஆகாமல் நான் இணை சேர்ப்பதில்லை. வயதைவிட உடல்வாகு முக்கியம். முதுகெலும்பு கூரையாகத் துருத்தி நிற்கும் பெண் முட்டை போட்டால் மீண்டு வர அடுத்த ஆண்டு போதாது.

இங்கே குளிர்காலம் நெருங்கும் ஏப்ரல் கடைசியில் இரையைக் குறைத்து, மே மாதத்தில் நிறுத்திவிடுவேன். வயிற்றில் இரையோடு பாம்பைக் குளிர்விக்கக் கூடாது, செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். குடல் காலியான பிறகு இரவு வெப்பத்தைச் சில வாரங்களில் படிப்படியாக 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். பகலில் சில மணி நேரம் மட்டும் ஒரு மூலையில் 30 டிகிரி கிடைக்கும். ஜூலையில் ஆணைப் பெண்ணின் பெட்டிக்குள் விடுகிறேன். வால்கள் பின்னிக் கிடந்தால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள், விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். சில நாள் சேர்த்து, சில நாள் பிரித்து, குளிர் முடியும் வரை இப்படியே.

வசந்தத்தில் வெப்பத்தை மெல்ல ஏற்றும்போது பெண்ணின் உடல் நடுப்பகுதி ஒரு நாள் திடீரென்று, எலியை விழுங்கியது போலப் புடைத்து நிற்கும். அதுதான் சினைப்பையிலிருந்து கருமுட்டைகள் வெளிப்படும் நாள். அதற்கப்புறம் அது சட்டை உரிக்கும். அந்தச் சட்டையிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் முட்டையை எதிர்பார்க்கலாம். ஈரப் பாசி போட்ட, மூடியில் ஓட்டை வைத்த டப்பா ஒன்றை உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

முட்டை போட்டதும் தாய் அவற்றைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். ஒரு துண்டை மேலே போர்த்தி, வால்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டியபடியே எடுக்கலாம். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலேயே இருக்க வேண்டும், அதற்காக நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். இருட்டறையில் சின்ன டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். கரு உள்ள முட்டை உள்ளே ரோஜா நிறமாக ஒளிரும், சிவப்பு நரம்புகள் ஒரு புள்ளியிலிருந்து கிளை விரித்திருக்கும். மஞ்சளாக, சிறுத்து, நரம்பே இல்லாமல் இருப்பது கூமுட்டை. சந்தேகமாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நல்ல முட்டையில் எளிதில் பூஞ்சை ஏறாது, கெட்டது தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

முட்டைக்கு அடியில் போட வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள்). அதுவும் தண்ணீரும் எடைக்கு எடை சமம். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. இன்குபேட்டரில் 31 டிகிரி. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் முட்டைக்குப் பக்கத்தில் தனி வெப்பமானி ஒன்று வையுங்கள், ஏனென்றால் 33-ஐத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரும் ஆபத்து உண்டு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஓட்டில் கீறல் விழும், மூக்கு நுனி எட்டிப் பார்க்கும். அப்படியே ஒரு நாள், ஒன்றரை நாள் இருக்கும். உள்ளே மிச்ச மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இழுக்காதீர்கள். முதல் சட்டை உரித்த பிறகுதான் சுண்டெலிக் குஞ்சு கொடுக்க வேண்டும்.

இனி கலப்பினம். கார்ப்பெட் பைத்தான் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய மலைப்பாம்பை வளர்க்கும் நண்பர் ஒருவரோடு எனக்கு இதில் ஓயாத வாக்குவாதம். அவருடைய உலகம் வேறு. டார்வின் பகுதியில் கிடைத்த வெள்ளைப் பாம்பின் நிறத்தை மற்ற கார்ப்பெட்களுக்குள் கொண்டுவருவது, ஜாகுவார் என்னும் நிறமாற்றத்தை ஜங்கிள் என்ற கார்ப்பெட் வகைக்குள் ஏற்றுவது என்று போகும். (ஜாகுவார் மரபணுவோடு தலை ஆட்டமும் சமநிலைக் குறைவும் சேர்ந்தே வருகின்றன. அதைத் தெரிந்துகொண்டே பெருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.) காட்டிலேயே வடக்கு நியூ சவுத் வேல்ஸில் கார்ப்பெட்டின் கிளையினங்களான டைமண்ட் பைத்தானும் கரையோரக் கார்ப்பெட்டும் இயல்பாகக் கலந்து கிடக்கின்றன, பிறகு எனக்கு மட்டும் ஏன் தடை என்பார். கார்ப்பெட் விஷயத்தில் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அந்த இனம் காட்டிலும் வீட்டிலும் ஏராளம். பெயரில் ‘கலப்பு’ என்று எழுதி விற்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை.

அவருடைய அடுத்த கேள்விதான் கனமானது: "உன் பாம்பு ஒரு கைப்பிடி மூதாதையிலிருந்து வந்தது. கார்ப்பெட்டின் புது இரத்தம் ஏற்றினால் அதற்குத்தானே நல்லது?" இதற்கு நான் ஸ்வீடனைக் காட்டுவேன். அங்கே ஸ்மிகெஹுக் என்ற இடத்தில் தனிமைப்பட்ட விரியன் கூட்டம் ஒன்று சொந்தத்துக்குள்ளேயே பெருகி, செத்துப் பிறக்கும் குட்டிகளோடு அழிந்துகொண்டிருந்தது. 1992-இல் வேறு இடத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் மீண்டது. ஆக, புது இரத்தம் உண்மையிலேயே காப்பாற்றும். ஆனால் அந்த 20-ம் அதே இனம். சொரசொரப்புச் செதிலுக்குப் புது இரத்தம் கிம்பர்லியில்தான் இருக்கிறது. முறையான அனுமதியோடு அது வரும்வரை, கையில் உள்ள கிளைகளைத் தாள் பார்த்து மாற்றி மாற்றி இணைப்பதுதான் வழி.

கார்ப்பெட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தலைமுறை பாதிக்குப் பாதி, பார்த்தாலே தெரிந்துவிடலாம். அதைத் திரும்பத் திரும்பத் தூய பாம்போடு சேர்த்தால் கால், அரைக்கால், பிறகு மாகாணி (பதினாறில் ஒரு பங்கு). மாகாணிக் கலப்பைக் கண்ணால் பிடிக்க யாராலும் முடியாது. யாரோ ஒருவர் அதைத் தூயது என்று விற்பார், வாங்கியவர் நம்பிப் பெருக்குவார். இவ்வளவு சின்ன வம்சத்தில் அது பரவ நெடுங்காலம் பிடிக்காது.

அதனால் குட்டியை விற்கும்போது தாளும் கூடவே போக வேண்டும். நான் எழுதுவது: பொரித்த தேதி, தாய் தகப்பனின் எண்கள், அவற்றை வாங்கிய இடம், தாத்தா பாட்டி விவரம், குட்டியின் தலைப் படம் ஒன்று, முதல் இரை தின்ற நாள். நகல் என்னிடம் இருக்கும். வாங்குபவரிடம் எதனோடு இணைக்கப் போகிறீர்கள் என்று நேராகவே கேட்பேன். கார்ப்பெட்டோடு என்றால் கொடுக்க மாட்டேன். தாள் தொலைந்துபோன பாம்பு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதை விரட்ட வேண்டியதில்லை. தனிப் பெட்டியில், நல்ல இரையோடு, இணை சேர்க்காமல் வளருங்கள். பெட்டியின் மேல் ‘வம்சம் தெரியாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், உங்களுக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்பவருக்கும் தெரியட்டும்.