லிங்கைத் திருகும் முன்: ரோட்டார் டிராக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுழல்வதுதான் டிராக்கிங். ஹோவரில் (ஓரிடத்தில் நின்று பறக்கும்போது) பக்கத்திலிருந்து பார்க்கும்போது பிளேடு நுனிகள் ஒரே கோடாகத் தெரியாமல் இரண்டு கோடாகப் பிரிந்து தெரிந்தால், டிராக்கிங் தப்பியிருக்கிறது. புதிதாக ஆர்.சி. ஹெலிகாப்டர் பழகுகிறவர்கள் உடனே பிளேடு கோணத்தை மாற்றும் கம்பியின் முனையிலுள்ள பால் லிங்கைக் கழற்றி ஒரு சுற்று விடுகிறார்கள். பறக்கவிட்டுப் பார்த்து இன்னொரு சுற்று. ஆரம்பத்தில் எல்லோரும் செய்த வேலைதான் இது. நுனியில் கலர் டேப் ஒட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் மேனுவலிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

வளைந்த ஸ்பிண்டிலை லிங்கால் மறைப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நேற்றுவரை ஒழுங்காக இருந்த டிராக்கிங், ஒருமுறை சாய்ந்து விழுந்ததும் கெட்டுப்போகிறது. லிங்கின் நீளம் தானாக மாறாது. எதுவோ வளைந்திருக்கிறது. முதல் சந்தேகம் ஸ்பிண்டில் மேல்தான்: பிளேடைப் பிடித்திருக்கும் இரண்டு கிரிப்புகளையும் தாங்கி, நடுவிலுள்ள ஹப்புக்குள் ஓடும் எஃகுத் தண்டு.

அது வளைந்திருக்கும்போது லிங்கைத் திருகினால் நுனிகள் ஒன்றுசேரக்கூடும். ஆனால் இரண்டு பிளேடுக்கும் இப்போது கோணம் வேறு வேறு. அதிர்வு போகாது, பேரிங் தேயும், ஸ்பிண்டில் முனை போல்ட் மெல்லத் தளரும். அந்த போல்ட் விட்டால் பிளேடு கிரிப்போடு சேர்ந்து பறக்கும். 70 செ.மீ. விட்டமுள்ள 450 வகை ஹெலியில் 2,800 ஆர்.பி.எம்.மில் நுனி வேகம் மணிக்கு சுமார் 370 கி.மீ.

ஸ்பிண்டிலை உருவித் துடைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து விரலால் உருட்டுங்கள். உருளும்போது நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால் தண்டு வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள். போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும், எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து நீல த்ரெட்லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) வைத்து மாட்டுங்கள்.

கையோடு, கிரிப்பை வெளியே இழுக்கும் விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் பாருங்கள். அதன் இரண்டு வளையங்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், துளை மட்டும் வேறு. பெரிய துளை ஹப் பக்கம், சிறிய துளை வெளிப்பக்கம் வர வேண்டும். மாறிப்போனால் சுமை ஏறியதும் கிரிப் இறுகும். ஹப்பில் ஸ்பிண்டிலைத் தாங்கும் டேம்பர் ரப்பரை மாற்றினால் ஜோடியாகவே மாற்றுங்கள். லிங்கைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

அளக்காமல் திருகுவது

உயர்ந்து பறக்கும் பிளேடில் கோணம் அதிகம், சரி. ஆனால் தப்பு எந்தப் பக்கம் என்பதை, பிளேடின் கோணத்தை (பிட்ச்) அளக்கும் பிட்ச் கேஜ்தான் சொல்லும். ஸ்வாஷ்பிளேட் (லிங்குகளைத் தள்ளி பிளேடு கோணத்தை மாற்றும் வட்டத் தகடு) மட்டமாக, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது இரண்டு பிளேடும் 0° காட்ட வேண்டும். ஒன்று 0°, மற்றது +1° என்றால் இரண்டாவதை மட்டும் திருத்துங்கள். +0.5°, −0.5° என்றால் இரண்டையும் பாதிப் பாதி. கண்மூடித்தனமாக ஒன்றையே திருகிக்கொண்டிருந்தால் ஹோவர் பிட்ச்சும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

எம்2 மரையில் ஒரு முழுச் சுற்று 0.4 மி.மீ. கிரிப் கை (கிரிப்பிலிருந்து நீண்டு லிங்க் மாட்டும் பகுதி) 15 மி.மீ. நீளம் என்றால் அதுவே ஏறத்தாழ 1.5° ஆகிறது. சின்ன ஹெலிக்கு இது பெரிய மாற்றம். பல பால் லிங்குகள் ஒரு பக்கமாக மட்டுமே பந்தில் ஏறும், குறியிட்ட முகம் வெளியே இருக்க வேண்டும். அவற்றில் அரைச் சுற்று விட்டுத் திருப்பி அழுத்தினால் லிங்க் இறுகும், இல்லையேல் கழலும். நுணுக்கமாகத் திருத்த, இரு முனையிலும் எதிரெதிர் மரை உள்ள ராடு போடுங்கள்.

கிரிப் கை பிளேடின் முன் விளிம்புப் பக்கம் இருந்தால் லிங்கை நீட்டும்போது பிட்ச் கூடும், பின் விளிம்புப் பக்கம் என்றால் குறையும்.

ஒரு பிளேடு போல்ட் இறுக்கம், மற்றது தளர்வு

இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

தரையில் பார்த்தே முடிவு கட்டுவது

0° பிட்ச்சில் சுழலும்போது கோளாறு சரியாகத் தெரியாது. ஹோவரில் பாருங்கள்.

பிளேடு சுழலும் மட்டத்தில் கண்ணை வைத்து நெருங்குவது

கூடவே கூடாது. குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பாருங்கள்.

பிளேடைச் சந்தேகிக்காதது

ஹோவரில் ஒட்டியிருந்த நுனிகள் வேகம் கூடும்போது பிரிந்தால் பிளேடு ஜோடியையும் டேம்பரையும் பாருங்கள். பிளேடுகளைக் கிரிப் மாற்றி மாட்டிப் பறக்கவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். அதே கலர் டேப் உள்ள பிளேடே மறுபடி உயர்ந்தால் கோளாறு பிளேடில். உயரம் பழைய கிரிப்போடு தங்கிவிட்டால் ஹெட்டைப் பிரிக்க வேண்டும்.